தந்தி காப்பாற்றுமா?

ஆட்சியில் இருப்பவரை எதிர்த்து நின்ற ஒருவரின் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்துவிட்டால், அதன்பிறகு அவர் மேல் கை வைக்கமாட்டார்கள் என்றொரு நம்பிக்கை நம்மில் படித்தவர்களிடையே இருக்கிறது. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸில் மாலையில் நடக்கப் போகும் எங்கள் பென்ஷன்காரர்கள் கோஷ்டியிலும் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. "உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன சார் செய்துவிட முடியும்?" என்பார்கள். அதே கோஷ்டியில் இன்னும் சிலர், "உலகம் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? செய்கிறவன் செய்துகொண்டுதான் இருப்பான்" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் நம் பம்பாயிலேயே சாட்சி இருக்கிறது. ஒன்று ரயில்வேக்காரர்களுக்கு நெருக்கமானது, மற்றது தமிழர்களுக்கு. இரண்டுக்கும் பாத்தியப்பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூரிலிருந்து பிழைப்புத் தேடி இந்த ஊருக்கு வந்து, தொழிற்சங்கம் கட்டி, 1967 தேர்தலில் பம்பாயின் முடிசூடா மன்னர் எனப்பட்ட எஸ்.கே. பாட்டீலைத் தோற்கடித்தவர். 1974 மே 8ஆம் தேதி தொடங்கிய அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் தலைவர். ஏறத்தாழ 17 லட்சம் பேர் வேலைக்குப் போகவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது. என் தந்தை மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், அவரும் ஸ்ட்ரைக்கில் இருந்தார். இருபது நாளில் வேலைநிறுத்தம் முறிந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதாயினர், பலர் வேலை இழந்தனர், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கேட்டது என்ன? போனஸ், விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி, வண்டி ஓட்டுகிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை. அந்த போனஸ் 1979இல் வந்தது. பிற்காலத்தில் நான் சர்வீஸில் சேர்ந்து ஒவ்வொரு தசராவுக்கும் அதை வாங்கினேன். வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது வந்த வழி தெரியும் என்பது வேறு விஷயம்.

1975 ஜூன் 25 இரவு எமர்ஜென்சி அறிவிக்கப்பட்டதும் ஜார்ஜ் தலைமறைவானார். தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியர் வேடத்தில் ஊர் ஊராகத் திரிந்தார். வெடிமருந்து திரட்டி ரயில் பாதைகளையும் அரசுக் கட்டிடங்களையும் தகர்க்கச் சதி செய்தார் என்பது அவர் மேல் போடப்பட்ட பரோடா டைனமைட் வழக்கு. யாரையும் கொல்வது நோக்கமல்ல என்று அவர் தரப்பில் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தண்டவாளத்துக்கு அடியில் வெடி வைப்பதை, எந்தக் காரணத்துக்காகவானாலும், ஒரு ரயில்வே பொறியாளனால் ஏற்க முடியாது. என் அபிமானத்துக்கு அங்கே ஒரு கோடு உண்டு.

அவரைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் போலீஸார் குடும்பத்தின் மேல் பாய்ந்தனர். தம்பி லாரன்ஸை 1976 மே முதல் தேதி பெங்களூரில் பிடித்துக்கொண்டுபோய் நடக்க முடியாதபடி அடித்தார்கள். அரசியலில் அவருக்குப் பெரிய பங்கு கிடையாது. அண்ணன் எங்கே என்பதுதான் கேள்வி. அவர் அனுபவித்த சித்திரவதையை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். 1976 ஜூன் 10ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு தேவாலய வளாகத்தில் ஜார்ஜ் பிடிபட்டார். தம்பியை அப்படிச் செய்தவர்கள் அண்ணனை உயிரோடு விடுவார்களா என்று நண்பர்கள் பயந்தார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. ஆள் பிடிபட்ட செய்தியே வெளியே வராமல் "தப்பி ஓடும்போது சுடப்பட்டார்" என்று பிறகு ஒரு வரி வந்திருக்கலாம்.

அது நடக்கவில்லை. செய்தி உடனே வெளிநாட்டுக்குப் போய்விட்டது. ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் தந்தி அடித்தது. ஜார்ஜ் சோஷலிஸ்ட் என்பதால் ஐரோப்பிய சோஷலிஸ்ட் தலைவர்களுக்கு அவர் பெயர் தெரியும். மேற்கு ஜெர்மனியின் வில்லி பிராண்ட், ஆஸ்திரியாவின் புரூனோ கிரைஸ்கி போன்றவர்கள், அவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்று இந்திரா காந்திக்குச் சொல்லியனுப்பியதாக அவர் நண்பர்கள் பின்னாளில் சொல்லிவந்தார்கள். ஜார்ஜ் உயிரோடு டில்லிக்குக் கொண்டுவரப்பட்டார். கைவிலங்கிட்ட கையை உயர்த்திக் காட்டும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சிறையிலிருந்தபடியே 1977 மார்ச்சில் பீகாரின் முஜாபர்பூரில் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 1989இல் அவரே ரயில்வே மந்திரியானார். ரோஹாவிலிருந்து மங்களூர் வரை கொங்கண் ரயில்வே என்ற கனவு காகிதத்திலிருந்து மண்ணுக்கு இறங்கியது அவர் காலத்தில்தான்.

இது ஒரு சாட்சி. தந்தி காப்பாற்றியது.

ஆனால் அதே வழக்கில் பெயர் அடிபட்ட ஸ்நேகலதா ரெட்டியை யாரும் காப்பாற்றவில்லை. 'சம்ஸ்காரா' என்ற கன்னடப் படத்தில் நடித்தவர், 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஆஸ்துமா நோயாளி. மிசாவில் எட்டு மாதம் பெங்களூர் சிறையில் வைத்தார்கள். மூச்சு முட்டியபோதெல்லாம் வேண்டிய வைத்தியம் கிடைக்கவில்லை. 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். ஜனவரி 18 அன்று இந்திரா காந்தி தேர்தலை அறிவித்தார். ஜனவரி 20 அன்று ஸ்நேகலதா இறந்துபோனார். அவரை யாரும் சுடவில்லை, தூக்கில் போடவில்லை. காலம் கடத்தினார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் விழித்துக்கொண்டு தந்தி அடிப்பதற்கு ஒரு சம்பவம் வேண்டும். தினம் கொஞ்சமாகப் போகும் உயிருக்கு எந்தத் தேதியில் தந்தி அடிப்பது?

சென்னை மத்திய சிறைக்கு வருவோம். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசா கைதிகளை அங்கே இரவில் அடித்து நொறுக்கினார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, பின்னாளில் தமிழக முதல்வரான மு.க. ஸ்டாலின் மேல் விழுந்த அடிகளைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் பிறகு விசாரித்தது. கேரளத்தில் கள்ளிக்கோட்டை ரீஜனல் என்ஜினீயரிங் காலேஜ் மாணவர் ராஜனை 1976 மார்ச் முதல் தேதி போலீஸார் பிடித்துச் சென்றனர். கக்கயம் முகாமில் அடித்துக் கொன்றார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் ஒரு ஆசிரியர், ஜனாதிபதி முதல் எல்லோருக்கும் எழுதினார். பதில் இல்லை. எமர்ஜென்சி முடிந்து, 1977 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் உண்மை வெளியே வந்தது. முதலமைச்சர் கருணாகரன் ராஜினாமா செய்ய நேர்ந்தது. சிட்டிபாபுவுக்கும் ராஜனுக்கும் ஐரோப்பாவில் நண்பர்கள் இல்லை. எம்.பி.யாக இருந்தும் சிட்டிபாபு தமிழ்நாட்டுக்கு வெளியே தெரியாதவர். ராஜன் இருபத்தோரு வயதுப் பையன்.

செம்பூர், மான்குர்த் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. நம் ஜனங்கள் நிறையப் பேர். அங்கே ஜோக்கின் அற்புதம் என்ற தமிழர், கோலார் தங்கவயலிலிருந்து வந்த தச்சர், குடியிருப்பைக் காலி செய்யக்கூடாது என்று மக்களைத் திரட்டினார். கோர்ட்டுக்குப் போனார், டில்லிக்குப் போய் நாடாளுமன்ற வாசலில் உட்கார்ந்தார், எத்தனையோ முறை கைதானார். குப்பையை மாநகராட்சி எடுக்கவில்லை என்று குழந்தைகளைக் கூட்டிக் குப்பையைச் சுமந்துபோய் அதன் ஆபீஸ் வாசலிலேயே கொட்டவைத்த ஆள் அவர். எமர்ஜென்சி வந்ததும் வாக்குறுதிகள் எல்லாம் போயின. 1976 மே மாதம் சுமார் 70,000 பேரை அப்புறப்படுத்திச் சீதா கேம்ப் என்ற சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ஜோக்கின் நாட்டை விட்டுப் போய்ப் பிலிப்பைன்ஸ் முதலிய இடங்களில் இருந்து, எமர்ஜென்சி முடிந்தபிறகு திரும்பி வந்தார். வெளிநாட்டு நண்பர்கள் ஒரு ஆளுக்கு அடைக்கலம் தர முடிந்தது. 70,000 பேருக்காக வில்லி பிராண்ட் தந்தி அடிக்கவில்லை. ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது, 2011இல் பத்மஸ்ரீ. உலக நாடுகளின் குடிசைவாசிகளுக்கெல்லாம் தலைவராக 2018இல் காலமானார். சீதா கேம்ப் சீதா கேம்பாகவே இருக்கிறது.

இவ்வளவையும் பார்த்தால் ஒன்று தெரிகிறது. வெளிநாட்டுக் கவனம் என்பது சிக்னல் மாதிரி. சிக்னல் எந்த வண்டியையும் நிறுத்தியதில்லை. சிவப்பைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டால்தான் வண்டி நிற்கும். டிரைவருக்கு பிரேக் போட ஒரு காரணம் இருக்கவேண்டும். இந்திரா காந்திக்கு இருந்தது. நேருவின் மகள், ஜனநாயகவாதி என்று மேல்நாட்டார் தம்மை மதிக்கவேண்டும் என்ற ஆசை அவருக்குக் கடைசிவரை உண்டு. லண்டனில் ஜெயப்பிரகாஷ் நாராயணனை விடுவிக்க இயக்கம் நடந்தது, 1975 ஆகஸ்ட் 15 அன்று 'டைம்ஸ்' பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். அவருக்குக் கோபம் வந்தது, வெளிநாட்டு நிருபர்கள் சிலரை நாட்டை விட்டே அனுப்பினார், "அந்நியக் கை" என்று மேடைக்கு மேடை பேசினார். ஆனால் அந்தப் பத்திரிகைகளைப் படித்தார். கவலைப்படுகிறவரிடம்தான் தந்தி வேலை செய்யும். ஜெ.பி.யைக்கூட, சிறுநீரகம் கெட்டுப்போன பிறகுதான் 1975 நவம்பரில் பரோலில் விட்டார்கள். சிறைக்காவலில் செத்தால் தங்கள் தலையில் விழும் என்று அஞ்சினார்கள் என்பதே என் எண்ணம். டயாலிசிஸ் செய்துகொண்டுதான் அவர் மிச்சக் காலத்தை ஓட்டினார்.

இலங்கையில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். ஜே.எஸ். திசைநாயகம் என்ற தமிழ்ப் பத்திரிகையாளரை 2008 மார்ச்சில் கொழும்பில் பிடித்தார்கள். ஒரு மாதப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகள்தான் குற்றம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2009 ஆகஸ்ட் 31 அன்று 20 ஆண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். அதற்கு முன்பே, அந்த ஆண்டு உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தையொட்டி விடுத்த அறிக்கையில் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா அவர் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். நியூயார்க்கில் விருது கொடுத்தார்கள். 2010 ஜனவரியில் ஜாமீன், மே 3ஆம் தேதி, அதே பத்திரிகைச் சுதந்திர தினத்தில், மன்னிப்பு. இருபது ஆண்டு எட்டே மாதத்தில் முடிந்தது. காரணம், கொழும்புக்கு அப்போது இழக்க ஏதோ இருந்தது. ஐரோப்பாவுக்கு ஆயத்த ஆடைகளைத் தீர்வையின்றி அனுப்பும் சலுகையை நிறுத்தப்போவதாக ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்திருந்தது. போர் முடிவில் நடந்தவை பற்றியும் கேள்விகள் எழுந்துகொண்டிருந்தன. ஒரு பத்திரிகையாளரை விடுவதால் அரசுக்குப் பெரிய நஷ்டம் இல்லை, நல்ல பெயர் வேறு. (சலுகை அப்படியும் 2010 ஆகஸ்டில் போயிற்று.)

ஆனால் அதே கொழும்பில், 2009 ஜனவரி 8ஆம் தேதி காலை, அலுவலகத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்த 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கொன்றார்கள். உலகறிந்த பத்திரிகையாளர், சிங்களவர், ஜனாதிபதிக்கு ஒருகாலத்தில் நண்பர். திசைநாயகம் சிறையில் இருந்தார், அவர் உயிருக்குக் கணக்குச் சொல்ல ஓர் அரசு இருந்தது. லசந்த தெருவில் இருந்தார். தெருவில் முகம் தெரியாதவன் கொன்றால் யாருக்குத் தந்தி அடிப்பது? யாழ்ப்பாணத்தில் 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகமவைச் சுட்டவர்கள் அரசாங்க ஆட்கள் அல்ல, நம்மவர்களே என்றுதான் பரவலாக நம்பப்படுகிறது. எதிர்த்துப் பேசுகிறவரைப் பொறுக்காத குணம் கோட்டையில் இருப்பவருக்கு மட்டும் சொந்தமில்லை.

பெரிய நாடாக, பணமுள்ள நாடாக இருந்தால் சிக்னலை மதிக்கவேண்டிய அவசியம் இன்னும் குறைவு. நைஜீரியாவில் கென் சாரோ விவா என்ற எழுத்தாளரை 1995 நவம்பர் 10ஆம் தேதி, ஆக்லாந்தில் காமன்வெல்த் தலைவர்கள் கூடிய அதே நாளில், தூக்கில் போட்டார்கள். மண்டேலா உட்பட உலகமே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. மறுநாள் நைஜீரியாவைக் காமன்வெல்த்திலிருந்து தள்ளிவைத்தார்கள். அதன் எண்ணெயை வாங்குவதை நிறுத்தவில்லை. சீனாவில் லியூ சியாவோபோவுக்கு 2010இல் நோபல் பரிசு கொடுத்தும் 2017இல் காவலிலேயே இறந்தார். ரஷ்யாவின் நவால்னிக்கு 2020இல் விஷம் வைத்தபோது பெர்லினுக்குக் கொண்டுபோய் உயிர் பிழைக்க வைத்தார்கள். தாமாகத் திரும்பி வந்தவர் 2024 பிப்ரவரி 16 அன்று ஆர்க்டிக் சிறையில் மாண்டார். அவரைவிட உலகம் அறிந்த கைதி அன்று யார் இருந்தார்?

இனி நம் வாசலுக்கு வருகிறேன். அருட்தந்தை ஸ்டான் சுவாமி. 1937இல் திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த தமிழர், சேசு சபைத் துறவி. ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலம், காடு பற்றியும், நக்சல் என்று முத்திரை குத்தி விசாரணையின்றி அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்கள் பற்றியும் பல ஆண்டுகள் உழைத்தவர். 2020 அக்டோபர் 8 இரவு ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்து மறுநாள் மும்பைக்குக் கொண்டுவந்தது. பீமா கோரேகாவ் வழக்கு, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், மாவோயிஸ்ட் தொடர்பு என்று குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். வயது 83, பார்க்கின்சன் நோய், இரண்டு காதும் சரியாகக் கேட்காது. அடைக்கப்பட்ட இடம் தலோஜா சிறை. செம்பூரிலிருந்து சயான்-பன்வேல் சாலையில் போனால் ஒரு மணி நேர வழி.

கை நடுக்கத்தால் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை, கைது செய்தபோது எடுத்த என் சிப்பரையும் ஸ்ட்ராவையும் கொடுங்கள் என்று நவம்பர் 6ஆம் தேதி கோர்ட்டில் மனுக் கொடுத்தார். பதில் சொல்ல முகமை இருபது நாள் எடுத்துக்கொண்டது. நாங்கள் எடுக்கவே இல்லை என்பது பதில். செய்தி உலகம் முழுவதும் பரவியது. ஊர் ஊராக மக்கள் சிப்பரையும் ஸ்ட்ராவையும் தபாலில் அனுப்பத் தொடங்கினார்கள். கடைசியில் சிப்பர் கிடைத்தது.

கவனித்தீர்களா? ஐ.நா. மனித உரிமை ஆணையர் மிஷேல் பாஷலே அவர் கைதைக் குறிப்பிட்டுக் கவலை தெரிவித்தார். ஐரோப்பியப் பிரதிநிதிகள் பேசினார்கள், கத்தோலிக்கத் திருச்சபை பேசியது. ஜார்ஜுக்குக் கிடைத்ததைவிட அதிகமான கவனம். அந்தக் கவனத்தால் வாங்க முடிந்தது ஒரு சிப்பர். ஜாமீன் வாங்க முடியவில்லை. 2021 மார்ச் 22 அன்று சிறப்பு நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மைபோல் தெரிந்தாலே ஜாமீன் கூடாது என்று அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. மே 21 அன்று வீடியோ வழியாக உயர்நீதிமன்றத்தின் முன் தோன்றியபோது, அரசு ஆஸ்பத்திரி வேண்டாம், ராஞ்சியில் என் ஜனங்களோடு இருக்க விடுங்கள், இல்லாவிட்டால் இங்கேயே சாகிறேன் என்ற பொருள்படச் சொன்னார். பிறகு நீதிமன்ற உத்தரவின்பேரில் பாந்த்ரா ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொரோனா இருந்தது தெரிந்தது. ஜூலை 5ஆம் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வரவேண்டிய நாள். அன்று மதியம் காலமாகிவிட்டார் என்று டாக்டர் நீதிபதிகளிடம் சொன்னார்.

வெளியுறவு அமைச்சகம், எல்லாம் சட்டப்படியே நடந்தது, ஜாமீன் மறுத்தவை நீதிமன்றங்கள், இந்தியாவில் சுதந்திரமான நீதித்துறை இருக்கிறது என்று பதில் சொன்னது. அதில் பொய் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் கொடுமை. போலீஸ் சட்டப்படி, கோர்ட் சட்டப்படி, சிறை சட்டப்படி. இன்னொன்றையும் சொல்லவேண்டும். கைது செய்தது பா.ஜ.க. ஆண்ட மத்திய அரசின் முகமை. அவரை வைத்திருந்த தலோஜா சிறையோ மகாராஷ்டிர அரசின் பொறுப்பு. அப்போது இங்கே ஆண்டது சிவசேனா, தேசியவாத காங்கிரஸ், காங்கிரஸ் கூட்டணி. சிறையில் நல்ல வைத்தியம் கொடுக்க டில்லியைக் கேட்கவேண்டியதில்லை. எமர்ஜென்சியைச் சொல்லிக் காங்கிரஸைத் திட்டுகிறவர்களும், ஸ்டான் சுவாமியைச் சொல்லி பா.ஜ.க.வைத் திட்டுகிறவர்களும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்கலாம்.

2021 நவம்பரில் ஐ.நா. பணிக்குழு ஒன்று அவர் காவல் நியாயமற்றது என்று முடிவு செய்தது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் ஆர்சனல் என்ற தடயவியல் நிறுவனம், அவர் கணினியில் இருந்த ஆவணங்கள் வெளியிலிருந்து புகுத்தப்பட்டவை என்று அறிக்கை கொடுத்தது. இரண்டும் அவர் இறந்தபிறகு.

அப்படியானால் பயனில்லை என்று சொல்லலாமா? நான் சொல்லமாட்டேன். கவனம் துப்பாக்கியைத் தடுக்கிறது, பல நேரங்களில். சிறைக்குள் அடியைத் தடுக்கிறது. ஸ்டான் சுவாமியை யாரும் அடிக்கவில்லை, லாரன்ஸ் பெர்னாண்டஸை அடித்தார்கள். இந்த வித்தியாசம் சின்னதல்ல. கவனம் தடுக்க முடியாதது தாமதத்தை. வயதானவரும் நோயாளியும் சிறையில் இருக்கும்போது ஆட்சிக்கு வேறு ஆயுதமே தேவையில்லை, வாய்தா போதும். வாய்தாவை உடைக்க ஜெனீவாவில் யாராலும் முடியாது. அதை இங்கே கோர்ட்டில்தான் உடைக்கவேண்டும். அதே வழக்கில் கவிஞர் வரவர ராவுக்கு 2021 பிப்ரவரியில் பம்பாய் உயர்நீதிமன்றம் உடல்நிலையைக் காரணம் காட்டி ஜாமீன் கொடுத்தது. அதை வாங்கித் தந்தது வெளிநாட்டு அறிக்கை அல்ல. மருத்துவச் சான்றுகளோடு நாள்தவறாமல் கோர்ட்டில் நின்ற குடும்பத்தாரும் வக்கீல்களும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் இந்த விஷயத்தில் சுறுசுறுப்பானவர்கள். நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை மகன் மாதம் ஒரு மனுவாவது அனுப்புவான். "மாமா, நீங்களும் கையெழுத்துப் போடுங்க, நம்ம பக்கத்து வீட்டு மாமாகிட்டயும் சொல்லுங்க" என்பான். நான் கேட்பது ஒன்றுதான்: "மாப்ளே, இந்த மனுவில் என்ன கேட்டிருக்கிறாய்?" எல்லா மனுவிலும் ஒரே வரி, உடனே விடுதலை செய். அது நடக்காது என்று எழுதியவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். "இன்ன மருந்து, இன்ன டாக்டர், இன்ன தேதிக்குள்" என்று கேட்டால் மறுப்பதற்கு யாராவது ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டாகவேண்டும். சிப்பர் கிடைத்தது அப்படித்தான். அது பெரிய அரசியல் கோரிக்கை அல்ல, ஒரு பிளாஸ்டிக் டம்ளர். கொடுக்காமலிருக்க வெட்கப்பட்டார்கள். சர்வீஸில் நான் கண்ட மட்டில், பெரிய கோரிக்கையை ஃபைலில் போட்டு மூடுவது எளிது, சின்னக் கோரிக்கையை மூடுவதுதான் கஷ்டம்.

இரண்டாவது, நேரம். ஜார்ஜ் பிழைத்தது முதல் இரண்டு நாளில். ராஜனின் முதல் இரண்டு நாளில் அவன் தந்தைக்கு எந்த முகாம் என்பதே தெரியாது. ஆளைப் பிடித்தவுடன் எங்கே வைத்திருக்கிறார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதிவைத்து வெளியே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நியூயார்க்கில் இருக்க முடியாது. தெருவில், பக்கத்து வீட்டில் இருக்கவேண்டும். ஆம்னஸ்டி இந்தியா தன் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டு 2020 செப்டம்பர் கடைசியில் கதவை மூடியது. ஸ்டான் சுவாமி கைதானது அடுத்த பத்து நாளுக்குள். உள்ளூரில் எழுதிவைக்கிறவன் இல்லாமல் போனால், உலகம் எதைப் பார்க்கும்?

மூன்றாவது விஷயம் நம் சங்கங்களைப் பற்றியது, கொஞ்சம் கசப்பானது. அவர் இறந்த வாரம் எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் கமிட்டியில் இரங்கல் தீர்மானம் போடலாமா என்று பேச்சு வந்தது. "பாதிரியார் விஷயம் நமக்கெதற்கு?" என்றார் ஒருவர். "வழக்கு இருக்கிறது, வம்பு" என்றார் இன்னொருவர். ஹால் புக்கிங்குக்குப் போலீஸ் அனுமதி வேண்டுமே என்று பொருளாளர் கவலைப்பட்டார். கடைசியில் பெயர் சொல்லாமல், "அண்மையில் மறைந்த தமிழன்பர்களுக்கு" ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். வெளியூரில் பிழைக்க வந்தவர்களின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. 1960களின் கடைசியில் இந்த ஊரில் தமிழன் என்பதற்காகவே அடி வாங்கிய குடும்பங்கள் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருக்கும் நாம் பெயரைச் சொல்லவே தயங்கும்போது, பிரஸ்ஸல்ஸில் இருப்பவர் சொல்லவில்லை என்று குறைபட நமக்கு வாயில்லை.

அவருடன் குற்றம் சாட்டப்பட்ட ரோனா வில்சனுக்கும் சுதீர் தாவலேவுக்கும் 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஆறு ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தும் சாட்சி விசாரணை தொடங்கியிருக்கவில்லை. இறந்தவர்மேல் இனி வழக்கு நடத்த முடியாது, எனவே தீர்ப்பும் வராது. ஆகவே அவர் பெயருக்கு ஏற்பட்ட களங்கத்தை நீக்கக் கோரி, செயிண்ட் சேவியர்ஸ் கல்லூரியின் முன்னாள் முதல்வரான பாதிரியார் ஃப்ரேசர் மஸ்கரேனஸ் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் மனுப்போட்டார். இப்படிப்பட்ட மனுக்களின் விசாரணைக்கு வெளிநாட்டு நிருபர்கள் வருவதில்லை. சர்ச்கேட் ஸ்டேஷனில் இறங்கினால் உயர்நீதிமன்றம் நடக்கிற தூரம். திறந்த கோர்ட், பின் வரிசை பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். எங்கள் நடைக் கோஷ்டியில் மூன்று பேர், அடுத்த முறை அது விசாரணைப் பட்டியலில் வந்தால் போவதாக இருக்கிறோம். வர விரும்புகிறவர்கள் சொல்லியனுப்பலாம்.